பசி முடைந்த சிற்பங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு கூடைப் பைத்தியம். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் பூக்கூடையின் அடியைத் திருப்பிப் பார்க்கிற ஆள். சந்தைக்குத் தக்காளி வாங்கப் போய், தக்காளியை மறந்து தட்டுக்கூடைக்காரரிடம் கதை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இத்தனை கூடை பார்த்த கண்ணையும் அசர வைத்தது ஒரு பாய். இடுக்கி மலையின் கண்ணாடிப்பாய். அதை விரித்துக் காட்டியபோது என் வாயிலிருந்து வந்த சத்தம் எந்த எழுத்திலும் அடங்காது!

சாயம் கிடையாது. வண்ணக் கரை கிடையாது. முழுப் பாயும் ஒரே இளமஞ்சள். நேராக நின்று பார்த்தால் வெறும் பாய்தான். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தேன், பாய் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் பளிச்சென்று எழுந்தன. வலப்பக்கம் நகர்ந்தேன், எழுந்தவை அணைந்து அவற்றுக்கு இடையில் இருந்தவை மின்னின. என்ன மாயம் என்று முட்டி போட்டு, மூக்கு பாயில் உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். மாயமில்லை, கணக்கு. ஒரு பட்டை இத்தனைக்கு மேலே ஏறி இத்தனைக்குக் கீழே நுழைகிறது, அடுத்த வரிசையில் அதே கணக்கு ஓரிழை தள்ளித் தொடங்குகிறது. ஓரிடத்தில் நெடுக்குப் பட்டைகள் மேலே தெரிகின்றன, பக்கத்திலேயே குறுக்குப் பட்டைகள். நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசைக்கு ஏற்ப வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சத்தையே சாயமாகப் பூசியிருக்கிறார்கள்! நவீன ஓவியர்கள் ஆயுள் முழுக்கத் துரத்துகிற விஷயம் இது. இங்கே ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி இதைச் செய்து முடித்துவிடுகிறார்.

இந்தப் பாய்க்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடுக்கி வெண்மணியில் உள்ள உணர்வு பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கமும், திருச்சூர் பக்கம் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையமும் அதற்காகப் பாடுபட்டவை. ஊராளி, மன்னான், முதுவர், மலையர், காடர், உள்ளாடர், மலை அரையர், மலைப்புலையர் என்று பல குடிகளின் கைவேலை இது. இடுக்கி, எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு ஆகிய நான்கு மாவட்டங்களின் காடுகளில் பரவிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அரசர்களைப் பார்க்கப் போகும்போது மரியாதைக்குக் கொண்டுபோன பொருள் என்கிறார்கள். ஆள் படுக்கிற பாயைச் சுருட்டி ஒரு மூங்கில் குழாய்க்குள் நுழைத்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். அதன் மென்மையைத் தொட்டுப் பார்த்தவர் இதைக் கதை என்று தள்ளமாட்டார். குளிரில் வெதுவெதுப்பு, வெயிலில் குளிர்ச்சி என்பது இதில் படுத்து வளர்ந்தவர்களின் சாட்சி. பத்தமடைப் பாயின் பெருமையைப் பேசிப் பேசி வளர்ந்த நமக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இப்படி ஓர் உடன்பிறப்பு இருப்பது தெரியாமல் போய்விட்டதே!

மலைக்கு அந்தப் பக்கம் என்றேன். பாலக்காடும் இடுக்கியும் வரைபடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் ஆனைமலை படுத்திருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்குப் போக வேண்டுமென்றால் மலையாளிகளும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இடுக்கியின் மறையூருக்கு நமக்கு எளிய வழி உடுமலையிலிருந்து சின்னாறு சோதனைச்சாவடி தாண்டி. இரண்டு சாலைகளிலும் மாநிலம் மாறுவதைப் பலகை சொன்னால்தான் தெரியும், காட்டுக்குத் தெரியாது. பறம்பிக்குளத்துக் காடரும் டாப்சிலிப் பக்கத்துக் காடரும் ஒரே சனம். மறையூர் முதுவர்களும் வால்பாறைப் பக்கத்து முதுவர்களும் கொள்வினை கொடுப்பினை உள்ள சொந்தங்கள். முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள், அவர்கள் பேச்சு நம் காதுக்குப் பெரும்பாலும் புரியும். எல்லைக்கோடு போட்டது பின்னால் வந்தவர்கள். கூடை அதற்கு முந்தியது.

மறையூருக்கு மேலே ஒரு முதுவர் குடியில், வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. ஈற்றை என்கிற நாணல் மூங்கில்தான் சரக்கு. கணுவுக்குக் கணு நீளம் அதிகம் என்பதால் முட்டு இல்லாத நீளப் பட்டை கிடைக்கும். பெரியவர் ஒருவர் கொடுவாளின் நுனியைக் குழாயின் வாயில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கத்தி வெட்டவே இல்லை, வழி காட்டியது மட்டும்தான். நார் தானாகப் பிளந்து கொடுத்தது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கடைசியில் விரல் அகலம். அப்புறம்தான் வேடிக்கை. பட்டையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு, பச்சைத் தோலைத் தனியே எடுத்துவிட்டு, உள்சதையை அடுக்கடுக்காக உரித்தார். கண்ணாடிப்பாய்க்கு இந்த மென்மையான உள்ளடுக்குதான் வேண்டும். கடைசியாக உரித்த படலத்தை வெயிலுக்கு நேரே பிடித்தார். வெங்காயச் சருகுதான், அதைவிடக் கெட்டி என்று சொல்ல முடியாது. அதன் வழியே அவர் விரல்களின் நிழல் தெரிந்தது!

அகலத்தை அளக்க ஸ்கேல் இல்லை, நகம்தான். கனத்தை அளக்க விரல் நுனிதான். உரித்த பட்டையைக் கத்தி முனைக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்கும்போது, எங்கே கனம் கூடியிருக்கிறதோ அங்கே கத்தி சுருளாகச் சீவி எறிந்தது. "கூடைக்கு அளவு எப்படிப் போடுவீங்க, எங்கேயாவது குறிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "சொமக்கறவ தோளப் பாத்தாத் தெரியாதா?" என்றார்.

அந்த ஒரு பதிலில் என் கூடைப் படிப்பு முழுக்க மறுபடி பிறந்தது. அன்றிலிருந்து எந்தக் கூடையைப் பார்த்தாலும் இரண்டே கேள்விதான் கேட்கிறேன்: உள்ளே என்ன வரப்போகிறது? தூக்கப்போவது யார்? இந்த இரண்டும்தான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அழகு பின்னாலேயே தானாக வந்து சேர்கிறது.

காட்டுக்கிழங்குக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு கோலால் நோண்டி எடுத்த கிழங்கு மண்ணோடு வரும். கூடை அடர்த்தியாக முடைந்திருந்தால் கிழங்கோடு ஒரு படி மண்ணையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதனால் கண் விட்டு முடைகிறார்கள். நடக்க நடக்க மண் உதிர்ந்துவிடும், ஓடையில் ஒரு முக்கு முக்கினால் கூடையிலேயே கழுவியாயிற்று. காட்டுக் கிழங்குகளில் சிலவற்றுக்குக் கசப்பும் நஞ்சும் உண்டு. அவற்றை வேக வைத்து, சீவி, ஓடுகிற தண்ணீரில் கிடக்க விட்டுத்தான் தின்ன முடியும். அப்போது தண்ணீரை உள்ளே விட்டுக் கிழங்கை வெளியே விடாத பாத்திரம் எது? அதே கூடைதான்! சுமக்க, கழுவ, நஞ்சு நீக்க என்று மூன்று வேலை பார்க்கிறது ஒரே பின்னல்.

அந்தக் கண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று திசைகளிலிருந்து வரும் பட்டைகள் ஒன்றையொன்று கவ்வி அறுகோணமாக நிற்கின்றன. சதுரப் பின்னலில் பட்டையை விரலால் தள்ளினால் நகர்ந்துவிடும். அறுகோணப் பின்னலில் ஒன்றைத் தள்ள மற்ற இரண்டும் விடாது. பசை, ஆணி, முடிச்சு எதுவும் இல்லாமல், குறைந்த சரக்கில் அதிக பலம். இன்றைய கட்டடக்கலைஞர்கள் கணினியில் வரைந்து பெரிய கூரைகளாக எழுப்புகிற அதே ஏற்பாடு கோழிக்கூடையில் கிடக்கிறது, நாம் கோழியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்!

அப்புறம் மீன் பறி. வாயிலிருந்து உள்நோக்கிக் குவியும் மூங்கில் குச்சிகள். மீன் உள்ளே போகும்போது வளைந்து வழி விடும், திரும்பி வரும்போது கூர்முனைகள் முகத்துக்கு நேரே நிற்கும். நம் ஊத்தாவுக்கும் மலையாளிகளின் ஒற்றாலுக்கும் வேறு தந்திரம். மேலும் கீழும் திறந்த கூம்பு. சேற்றுத் தண்ணீரில் மீன் மேல் சட்டென்று கவிழ்த்துவிட்டு மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும். ஓர் ஒற்றாலைத் தரையில் நிறுத்தி வைத்துச் சுற்றி வந்து பாருங்கள். கீழே அகன்று, இடுப்பில் ஒடுங்கி, கழுத்தில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கோட்டில் ஓர் அங்குலம் கூட்ட முடியாது, குறைக்க முடியாது. கூட்டினால் கை எட்டாது, குறைத்தால் மீன் தப்பிவிடும்.

காடர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். தேன் எடுக்க உயர்ந்த மரங்களில் மூங்கில் முளைகளை அடித்து, அவற்றில் குச்சிகளைக் கட்டி ஏணியாக்கி ஏறுவதை 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் விவரிக்கிறது. அதே நூல் சொல்லும் இன்னொரு பொருள் மூங்கில் சீப்பு. காடர் ஆண், தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்காகச் செய்து கொடுக்கும் சீப்பு. பெண்கள் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வார்கள். மேலே முழுக்க நுணுக்கமான கோட்டு வேலை. கிழங்குக்கும் தேனுக்கும் கருவி செய்த கை, காதலுக்கு நேரம் ஒதுக்கிச் செதுக்கியிருக்கிறது. ஏரன்ஃபெல்ஸ் என்ற மானிடவியலாளர் 1952-இல் கொச்சிக் காடர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார், சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டதை நாம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

"கூடையைப் போய்ச் சிற்பம் என்கிறாயே" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பெயர் ரூத் அசாவா. அமெரிக்காவில் ஜப்பானியக் குடும்பத்தில் 1926-இல் பிறந்தவர். 1947-இல் மெக்சிகோவின் டொலூகா நகருக்குப் போனவர், அங்கே சந்தையில் முட்டை வைக்கும் கம்பிக் கூடைகளைப் பார்த்தார். உள்ளூர்க்காரர்களிடம் அந்தப் பின்னலைக் கற்றுக்கொண்டார். பிறகு ஆயுள் முழுக்க அதே பின்னலில், கூரையிலிருந்து தொங்கும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய கம்பி உருவங்களைச் செய்தார். இன்று அவை உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. 2020-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல்தலைகளாகவே வெளியிட்டது. எல்லாம் ஒரு முட்டைக்கூடை போட்ட பிச்சை!

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் முர்ரே நதிக்கரைப் பழங்குடிப் பெண்ணான யுவோன் கூல்மாட்ரி. அவர் கோரைப்புல்லால் முடைவது விலாங்கு மீன் பொறி. 1997-இல் வெனிஸ் பியனாலேயில் ஆஸ்திரேலியாவின் சார்பில் படைப்புகள் இடம்பெற்ற மூன்று பழங்குடிப் பெண் கலைஞர்களில் அவரும் ஒருவர். அதே நாட்டின் வடகோடியில் மானிங்கிரிடா என்ற ஊரின் பெண்கள் சேர்ந்து தாழையோலையில் 100 மீட்டர் நீளத்துக்கு மீன்வேலி ஒன்றை முடைந்தார்கள். 2023-இல் மெல்போர்னின் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் அது வளைந்து வளைந்து நின்றது. ஆற்றில் மீன் மறித்த வேலிதான், சரக்கும் பின்னலும் அதேதான். பார்க்கிறவர்களின் கண்தான் மாறியிருக்கிறது.

நம் பக்கத்தில் இது நடக்கவில்லையா? நடக்கிறது, அதுவும் கூப்பிடு தூரத்தில்! 2022 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறி பியனாலேயில் ஆசிம் வாக்கிஃப் என்ற டெல்லிக் கலைஞர் மூங்கிலும் பிரம்பும் கயிறும் ஓலையும் கொண்டு ஒரு பெரும் பின்னல் உருவத்தை எழுப்பியிருந்தார். கட்டடக்கலை படித்தவர். தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிற சிற்பமில்லை அது. உள்ளே நுழையலாம், தட்டலாம், தட்டினால் ஒலி எழும். குழந்தைகள் அடித்த கொட்டத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பாட்டிக்கும் ஆசை வந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். கூடைக்குள் மீனுக்குப் பதில் மனிதன் போனால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பிரமாதம்!

அதற்கு முன் 2020-இல் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் நின்ற உண்ணிச்செடி யானைகளையும் மறக்க முடியாது. ஆளுயரத்தைத் தாண்டி நின்ற பெண் யானைகள், அவற்றின் காலடியில் குட்டிகள். கூடலூர்ப் பக்கத்தில் ஊருக்குள் நடமாடும் உண்மையான யானைகளைப் பார்த்து, பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் குடிகளைச் சேர்ந்தவர்கள் செய்தவை. உண்ணிக்குச்சியை வேக வைத்துப் பட்டை உரித்து, சூட்டோடு சூடாகக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். 2024-இல் அந்த மந்தை அமெரிக்காவின் நியூபோர்ட், நியூயார்க், மயாமி என்று ஊர்வலமே போய்விட்டது.

இந்த யானையின் பூர்வீகத்தைத் தோண்டினாலும் கடைசியில் கூடைதான் அகப்படும். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் அழகுக்குக் கொண்டுவந்த செடி. காடு முழுக்கப் பரவிப் புல்லையும் கிழங்குக் கொடியையும் அமுக்கிவிட்டது. மூங்கிலும் பிரம்பும் கிடைப்பது அரிதான இடங்களில், மாதேஸ்வரன் மலை போன்ற ஊர்களில், கூடை முடைகிறவர்கள் இந்தக் குச்சியைப் பழக்கி எடுத்தார்கள். அசோகா அறக்கட்டளையான ஏட்ரீ அதற்குப் பயிற்சியும் கொடுத்தது. கூடை நாற்காலியாகி, நாற்காலி யானையாகி நிற்கிறது. உணவு தேடப் போன காட்டை அடைத்த செடியையே வெட்டியெடுத்து, அந்தக் காட்டின் யானையைச் செய்கிறார்கள் என்றால் இதைவிடப் பெரிய கற்பனை எந்தக் கலைக்கல்லூரியில் கிடைக்கும்?

ஆனால் ஒரு வருத்தம். யானைக்குக் கூட்டம் கூடுகிறது, கூடைக்குக் கூடுவதில்லை. பெரிதாகச் செய்து கண்காட்சியில் நிறுத்தினால்தான் கண்ணில் படுமா? மறையூரில் பெரியவர் வீட்டுப் பாட்டியிடம், நகரத்தில் இந்தக் கூடைகளைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். "கெழங்கு போடாத கூடை எதுக்குத் தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் தொங்கிய முறத்தை எடுத்து அரிசி புடைக்கக் கொடுத்துவிட்டேன். சிற்பம் என்று கூப்பிட வேண்டும், ஆனால் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிடக் கூடாது. என் கட்சி இதுதான்.

கூடை நீடிக்க வேண்டுமென்றால் ஈற்றை வேண்டும். ஒரு காலத்தில் மலை மலையாக மூங்கிலும் ஈற்றையும் லாரியேறிக் காகித ஆலைகளுக்கும் ரேயான் ஆலைக்கும் போயின. பெருமூங்கிலோ நாற்பது சொச்சம் ஆண்டுக்கொருமுறை மொத்தமாகப் பூத்து, அரிசி கொடுத்துவிட்டு, மொத்தமாக மடியும். கூடை கொடுத்த செடியே கடைசியில் சோறும் போட்டுவிட்டுப் போகிறது! மறுபடி வளர்ந்து வரும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் பிரம்பையும் சிறு வனப்பொருளாகவே சொல்லி, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை காகிதத்திலிருந்து காட்டுக்கு எவ்வளவு தூரம் இறங்குகிறதோ, அவ்வளவு தூரம்தான் கண்ணாடிப்பாயின் ஆயுளும். முடைகிற கைகளும் குறைந்து வருகின்றன. வாரக்கணக்கில் உட்கார்ந்து முடைந்த பாய்க்குக் கிடைக்கும் விலை, அதே நாட்களில் தோட்ட வேலைக்குக் கிடைக்கும் கூலியைத் தாண்டாவிட்டால், எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும்?

ஆகவே வாசகர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். மூணாறுக்குப் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டதும் திரும்பிவிடாமல், மறையூரிலும் இடுக்கி ஊர்களிலும் கண்ணாடிப்பாயை விசாரியுங்கள். பறம்பிக்குளம் போகிறவர்கள் மூங்கில் பொருள்களையும் தேடிப் பாருங்கள். கோழிக்கோடு போனால் சேவாயூரில் உள்ள கிர்த்தாட்ஸ் பழங்குடி அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு, தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. பொருளை வாங்கும்போது முடைந்தவர் எந்தக் குடி, எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் சங்கத்திடமோ முடைந்தவரிடமோ நேராக வாங்குங்கள். வாங்கியதைப் பயன்படுத்துங்கள், பாயில் படுங்கள், கூடையில் காய் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். அதுவே குறைவுதான்.